தொழில் உயர்வில் துணையின் பங்கு

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இலும், அம்பத்தூரில் தொழிற்பேட்டை 1964-இலும் ஏற்பட்டன. அதன்பின் பூவிருந்தவல்லி வரையுள்ள நம் மஹல்லாக்களில் பல குடும்பங்களின் ரிஸ்க் ஷிப்ட் நேரத்தோடு பிணைந்துவிட்டது. நம் சகோதரிகளிலும் பலர் எக்ஸ்போர்ட் தையல் கம்பெனிகளுக்குச் சென்று வருகின்றனர்.

கணவனுக்கு வெளியூர் மாற்றத்தோடு பதவி உயர்வு வந்தால், "போய் வாருங்கள், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள் மனைவி. மெஷினில் தைக்கும் மனைவிக்குச் சூப்பர்வைசர் பொறுப்பு வந்து, மாலையில் ஒரு மணி நேரம் தாமதமானாலோ, "சோறு யார் ஆக்குவது?" என்று கேட்கிறார் கணவர். இது நியாயமா? மார்க்கத்தின் ஒளியில் சிந்திப்போம்.

முதல் வஹீ வந்து நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய கண்மணி நாயகம் (ஸல்) அவர்களைப் போர்த்தி, தேற்றி, வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றவர்கள் அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள். நபித்துவத்தோடு உலக உத்தியோகத்தை ஒப்பிட முடியாது. ஆயினும், துணையின் ஆறுதல் எவ்வளவு பலம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்தப் பலத்தைக் கணவனும் மனைவிக்குத் தரவேண்டும். குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைக்கூட, இருவரும் கலந்து பேசி மனம் ஒப்பிச் செய்யும் காரியமாகவே திருக்குர்ஆன் (2:233) கூறுகிறது. அதற்கே மஷ்வரா வேண்டுமென்றால், குடும்பத்தின் போக்கையே மாற்றும் பதவி உயர்வுக்கு வேண்டாமா?

அந்த மஷ்வராவில் கேட்கவேண்டியவை: வேலை ஹலாலானதா? மானத்திற்கும் தொழுகைக்கும் பாதுகாப்பு உண்டா? பிள்ளைகளின் ஹக்கு நிறைவேறுமா? இவை இருவருக்கும் பொதுவான கேள்விகள். சோறாக்குவது பற்றிய கேள்விக்கோ நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே விடை. அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் உள்ளது.

மனைவியின் சம்பளம் அவளுக்கே உரியது. குடும்பச் செலவு கணவன் மீதே கடமை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது பற்றி வினவியபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலிகள் உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். மனைவி மனமுவந்து தருவது தர்மம். அதைக் கடமைபோல் கேட்டு வாங்கிவிட்டு, அவளுடைய உயர்வுக்கு மட்டும் தடை போடுவது அநீதியாகும்.

ஒருவர் உயர மற்றவர் தோள் கொடுக்கும் இல்லறத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.