குடும்ப நலமும் ஒரு கூட்டுறவே

ஒரு தறி ஓடுவதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குழித்தறியில் அமர்ந்திருப்பவர் ஒருவரே. ஆயினும் தார் சுற்றுவோர் ஒருவர், பாவு பிணைக்கும்போது உடனிருப்போர் ஒருவர், நெய்த துணியைச் சங்கத்துக்குக் கொண்டு சேர்ப்பவர் ஒருவர் எனக் குடும்பம் முழுவதும் அத்தறியைச் சூழ்ந்து நிற்கிறது. வயலிலும் அவ்வாறே. மடை திறப்பவர் ஒருவர், களை பறிப்பவர் ஒருவர், கஞ்சி கொண்டுவருபவர் ஒருவர். அறுந்த இழையை யார் முதலிற் கண்டாலும் அவரே அதனை முடிகிறார். "இது உம்முடைய இழை, நீரே பார்த்துக்கொள்ளும்" என்று எவரும் வாளா இருப்பதில்லை.

ஆனால் அதே வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால் நாம் நடந்துகொள்ளும் முறை வேறாக இருக்கிறது. அரிசியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், நாள்தோறும் நடவுங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்புகிறார். அந்த அறிவுரை நோயாளி ஒருவருக்கே உரிய சுமை என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். தொழிலிற் கூட்டாக உழைக்கும் நாம், உடல்நலத்தில் மட்டும் அவரவர் வழியே போகிறோம். இது மாறவேண்டும் என்பதற்குக் காரணங்களையும், மாற்றும் வழிகளையும் இக்கட்டுரையிற் காண்போம்.

இழப்பு எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. இந்நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேற்பட்டோர் என்றும் அது மதிப்பிட்டது. இது பட்டணத்துச் செல்வர்களின் நோய் என்று நம்மில் சிலர் இன்னும் கருதுகின்றனர். அக்கருத்து பிழையானது. நாட்டுப்புறத்திலும் இந்நோய் பரவிவிட்டது.

நெசவாளருக்கும் உழவருக்கும் இந்நோய் எங்கே வந்து தாக்குகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நாளடைவில் கண்ணின் உள்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. இழையெண்ணிப் பிழைக்கும் நமக்குக் கண் போனால் தொழிலே போயிற்று. அது பாதத்து நரம்புகளையும் மரத்துப்போகச் செய்கிறது. வெறுங்காலால் மிதிகட்டையை மிதிப்பவருக்கும், வெறுங்காலோடு வரப்பில் நடப்பவருக்கும் முள்ளோ சிலாம்போ தைத்தது தெரியாமலே போகும். தெரியாத புண் ஆறாத புண்ணாகி, சிலருக்குக் காலையே எடுக்கவேண்டிய நிலையும் நேர்கிறது. இரத்தக் கொதிப்போ நெடுங்காலம் எந்தக் குறியும் காட்டாதிருந்து, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ திடீரென வெளிப்படக்கூடியது.

ஒருவர் படுத்தால் தறி நிற்கிறது, கடன் நிற்பதில்லை. ஆதலின் ஒருவருடைய நோய் குடும்பத்தின் பற்றுக் கணக்கிலேயே எழுதப்படுகிறது. இழப்பைப் பொதுவில் ஏற்கும் நாம், காப்பையும் பொதுவில் ஏற்பதே முறை.

வீடே மருத்துவமனையான வரலாறு

வீட்டிலிருந்தே ஒரு பெருநோயை வெல்லலாம் என்பதை உலகுக்குக் காட்டிய நகரம் சென்னை. 1956ஆம் ஆண்டு அங்கே காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அக்காலத்திற் காசநோயாளர் சானடோரியத்திற் படுத்து, நல்லுணவு உண்டு, ஓய்வு கொண்டாலன்றிப் பிழையார் என்பதே பலருடைய நம்பிக்கையாக இருந்தது. படுக்கைகளோ மிகக் குறைவு. சென்னையிலிருந்த ஏழை நோயாளர் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டுக் காலம் கொடுத்தனர். வீட்டிலிருந்தோருக்கு இடமும் குறைவு; உணவும் குறைவு. எனினும் 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே வியக்கவைத்தது. வீட்டிலிருந்தோர் குணமடைந்த அளவு சானடோரியத்திலிருந்தோர் அளவுக்கு ஏறத்தாழ ஒத்திருந்தது. வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் இதனால் மிகவில்லை என்பது பின்னர்த் தொடர்ந்த ஆய்விற் புலப்பட்டது.

மருந்தை முறை தவறாமல் உண்பதே உயிர்நாடி என்பதும், அதற்கு வீடு இடையூறாக இருக்கவேண்டியதில்லை என்பதும் இதனால் நாம் பெறும் பாடம்.

சென்னையிலேயே நடந்து, 2006இல் வெளிவந்த வேறோர் ஆய்வும் நமக்குப் பயன்படுவது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் வரை கவனித்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவு மாற்றத்தையும் நடையையும் தொடர்ந்து மேற்கொள்ளுமாறு இடைவிடாது ஊக்குவிக்கப்பட்டவர்களில் அது ஏறத்தாழ 39 பேராகக் குறைந்தது. ஒருமுறை சொல்லிவிடுவதற்கும் விடாது உடன் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஆய்வாளர் செய்த அப்பணியை நம் வீட்டில் யார் செய்வது? வீட்டாரே செய்யவேண்டும்.

ஒரு வீட்டில் நடந்தது

நாம் அறிந்த நெசவாளர் ஒருவருக்கு ஐம்பதாம் வயதிற் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அவர் மனைவியார் அன்புடன் அவருக்கென்று தனியாகக் கேழ்வரகு அடையும் கீரையும் ஆக்கினார். மற்றவர்களுக்கு வழக்கம்போல் வெண்சோறும் அப்பளமும். ஒரே கூடத்தில் அவர் மட்டும் வேறு தட்டில் உண்டார். மகனோ நாள்தோறும், "அப்பா, சொன்னாற் கேட்கமாட்டீர்களா?" என்று கடிந்துகொண்டான். இரண்டு மாதத்தில் அவர் அலுத்துப்போனார். வீட்டிற் பத்தியம், தேநீர்க் கடையில் இனிப்பு என்றாயிற்று.

ஒருநாள் தார் கொண்டுவந்த பேத்தி, "தாத்தா, மிதிகட்டையில் இரத்தம்!" என்று கூவினாள். சிலாம்பு ஏறிக் கால்விரல் கிழிந்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் தறி நின்றது. மருத்துவமனைக்கு உடன்சென்ற வீட்டாரையும் அங்கே பரிசோதித்தனர். மனைவியாருக்கு இரத்தக் கொதிப்பு; மகனுக்குச் சர்க்கரை வரம்பின் ஓரத்தில் நின்றது. பத்தியம் அவர் ஒருவருக்கே என்று எண்ணியிருந்த வீட்டில், அது எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

அன்றிரவு அவ்வம்மையார், "இனி இந்த வீட்டில் இரண்டு உலை இல்லை" என்றார். அதன்பின் அக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே சமையல். மகன் கடிந்துரைப்பதை விட்டுத் தந்தையுடன் அந்தியில் நடக்கத் தொடங்கினான். நோய் நீங்கிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அது கட்டுக்குள் இருக்கிறது. தறியும் ஓடுகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, ஒரே உலை. வீட்டில் ஒருவருக்கு நல்லதாகிய உணவு பெரும்பாலும் அனைவருக்கும் நல்லதே. தட்டிற் பாதியைக் காய்களும் கீரையும் நிரப்பட்டும். கால்பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவையாகட்டும். எஞ்சிய காற்பங்கு சோறோ களியோ ஆகட்டும். கேழ்வரகும் கம்பும் நல்லனவே. ஆயினும் அவையும் அளவு மிகுந்தாற் சர்க்கரையை ஏற்றும் என்பதை மறத்தலாகாது. வளரும் பிள்ளைகளுக்கும், கடும் உழைப்பாளிக்கும், கருவுற்றிருப்போருக்கும் அளவு கூடுதலாக வேண்டும். வகை மட்டும் ஒன்றாயிருத்தல் போதும்.

இரண்டாவது, உப்புக் கணக்கு. வயது வந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வயது வந்தோர் ஐவர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 25 கிராம். எனவே ஒரு கிலோ உப்பு குறைந்தது 40 நாட்களுக்கு வரவேண்டும். உறை பிரித்த நாளை அதன் மீதே எழுதிவைத்து, தீரும் நாளைப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் ஆகியவற்றின் உப்பு இக்கணக்குக்குப் புறம்பாக நுழைவது. அதனையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, கூடி நடத்தல். "நாள் முழுதும் உழைக்கிறோமே, நடை எதற்கு?" என்று கேட்கலாம். மூச்சு வாங்க மண்வெட்டி பிடிப்பதும் நாற்று நடுவதும் உடற்பயிற்சியாகவே கணக்கில் வரும். ஆயின் உழவு டிராக்டருக்கும், வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளுக்கும் மாறிய இடங்களில், வேலையில்லா மாதங்களில் உழவரும் அசைவின்றி இருக்கிறார். நெசவாளருக்குக் கையும் காலும் அசைந்தாலும் இடுப்பும் முதுகும் ஒரே நிலையில் வளைந்து கிடக்கின்றன. வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்த நடை போன்ற இயக்கம் வேண்டும் என்பர். நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தாற் போதும். கணவனும் மனைவியும், தந்தையும் மகளுமாக இருவர் இருவராகச் செல்லுங்கள். ஒருவர் சோம்பும் நாளில் மற்றவர் அழைப்பார். தறியிலிருப்போர் மணிக்கொரு முறை எழுந்து முதுகை நிமிர்த்துவதற்குத் தார் சுற்றுபவரே குரல் கொடுக்கலாம்.

நான்காவது, மருந்தும் பாதமும். மாத்திரை உண்ணும் வேளையை வீட்டிலொருவர் பொறுப்பேற்று நினைவூட்டட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை நாட்காட்டியிற் குறியிடலாம். இரவு படுக்குமுன் நீரிழிவு உள்ளவரின் இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் ஒருவர் விளக்கொளியிற் பார்க்கவேண்டும். குனிந்து தன் பாதத்தைத் தானே பார்க்க இயலாத முதியோருக்கு இது பேருதவி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இவ்விரு நோய்களுக்கும் உரிய மருந்தை வீடுதேடிக் கொண்டுவர வகை செய்தது. வாயில்வரை மருந்து வந்தாலும், அதை நாள்தோறும் வாயில் இடுவது வீட்டாரின் கவனத்தைப் பொறுத்ததே.

ஐந்தாவது, தாயின் தட்டு. 2019–20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதன் துணைத்தொழில்களிலும் ஈடுபட்டோரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வோ, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று காட்டியது. எல்லோருக்கும் பரிமாறிய பின்னர் எஞ்சியதை உண்பவர் அவரே. குழம்பிலிருந்த பருப்பும் கீரையும் அதற்குள் தீர்ந்திருக்கும். வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பது என்னும் ஒரு வழக்கம், செலவின்றியே இக்குறையைப் பெரிதும் தீர்க்கும். மேலும், நடைக்கு அவரை அழைக்குமுன் அவர் கையிலுள்ள வேலையிற் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வே இல்லாதவரிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுதல் அறமாகாது.

ஆறாவது, இன்சொல். ஏளனமும் ஏச்சும் ஒருவரை ஒளித்து உண்ணக் கற்பிக்கும். பீடியை விட முயல்பவர் ஒருநாள் தவறினால், "நீர் எங்கே விடப்போகிறீர்!" என்னாது, "நாளை மீண்டும் தொடங்குவோம்" என்க. ஒரு மாதத்துக்கு ஒரு சிறு இலக்கே போதும். எடையைவிடச் செயலை இலக்காக வைப்பது நன்று. எடை குறைவது நம் கையில் முழுதும் இல்லை. இன்று நடப்பது நம் கையில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை

அன்பின் மிகுதியால் வீட்டாரே மருத்துவராகிவிடலாகாது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்துவதும், ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுப்பதும் தீங்கு விளைக்கும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் உணவைத் தவிர்த்துக் கடுமையாக உழைத்தாற் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக் கூடும். வியர்வை, நடுக்கம், கடும்பசி, மனத்தடுமாற்றம் ஆகியன அதன் குறிகள். நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று கரண்டி சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுக்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். நடக்கையில் மார்பு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுக.

ஒருவருக்காக அனைவரும், அனைவருக்காக ஒருவரும் என்பது நம் இயக்கத்தின் அடிப்படை. சங்கத்தின் கூடத்தில் நாம் அதனைச் சொல்லுகிறோம். சமையற்கூடத்திலும் அது வழங்கவேண்டும். சங்கத்துக்கு அங்கத்தினர் உண்டு. குடும்பத்திலோ நாம் பிறந்த அன்றே பங்கு எடுத்துக்கொண்டவர்கள். அப்பங்கின் ஆதாயம், முதுமையிலும் இழை தெரியும் கண்ணும், மிதி உணரும் காலும் ஆகும்.

வாசக வட்டத்திற் கலந்துரையாட:

1. நம் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?

2. வீட்டிலுள்ள முப்பது வயதைக் கடந்தோரில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரிசோதித்துக்கொள்ளாதோர் எத்தனை பேர்?

3. நம் வீட்டிற் கடைசியாக உண்பவர் யார்? அவர் தட்டில் நேற்று என்ன எஞ்சியிருந்தது?

4. வரும் மாதத்தில் வீட்டார் அனைவரும் கூடிச் செய்யத்தக்க ஒரு சிறு மாற்றம் யாது? அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?