சிரிப்பு வாயுவும் திருச்சி வெயிலும்



திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் டாக்டர் அப்துல் கலாம். அவரைப் போல ராக்கெட் மீது ஆர்வம் கொண்ட பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். 2024 ஆகஸ்ட் 24 அன்று சென்னையை அடுத்த திருவிடந்தையிலிருந்து ‘ரூமி-1’ என்ற ஹைபிரிட் ராக்கெட் பறந்தது. நாமும் சிறிதாக ஒன்று செய்யலாமா என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதில் நிரப்பும் வாயுவை முதலில் அறிய வேண்டும்.

ஹைபிரிட் மோட்டாரில் எரிபொருள் மெழுகு, ரப்பர் போன்ற திடப்பொருள். அது எரிய ஆக்சிஜன் கொடுப்பது பெரும்பாலும் நைட்ரஸ் ஆக்சைடு. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும்போது பயன்படும் சிரிப்பு வாயு இதுதான். (விளையாட்டாக முகர்ந்து பார்க்கும் பழக்கம் நரம்புகளைக் கெடுக்கும்; பிள்ளைகளைக் கண்காணியுங்கள்.) 20 டிகிரி வெப்பத்தில் சிலிண்டருக்குள் சுமார் 50 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல்.

நம் ஊருக்கு முக்கியமான எண் 36.4 டிகிரி. அந்த வெப்பத்தில் அழுத்தம் சுமார் 72 பார். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் நைட்ரஸ் திரவமாக நிற்காது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் இது ஓரமாக வரும் செய்தி. கத்திரி வெயிலில் நமக்கு இதுதான் முதல் செய்தி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடம் மணலில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சிலிண்டரைக் கிடத்தினால் உள்ளே என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அழுத்தம் வேகமாக ஏறும், ராக்கெட் டேங்கில் நிறையும் எடையும் குறையும். ஆகவே ஃபஜ்ரு தொழுகை முடிந்த கையோடு, வெயில் ஏறுமுன் நிரப்புவதே சரி. சிலிண்டருக்கு நிழலும் ஈரச் சாக்கும் போதும். அழுத்தம் போதவில்லை என்று நெருப்பு காட்டவே கூடாது.

நிரப்பும்போது திரவம் கீழிருந்து ஏறும். டேங்கின் மேலுள்ள சிறு துளை வழியே ஆவி வெளியேறும். அதில் வெள்ளைப் புகை அடர்த்தியாகப் பீறிட்டால் டேங்க் நிறைந்துவிட்டது என்று பொருள். எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வைத் தூரத்திலிருந்தே இயக்க வேண்டும். குழாயிலோ வால்விலோ எண்ணெய், கிரீஸ் ஒரு துளியும் ஆகாது. நைட்ரஸ் தானே சிதைந்து வெப்பத்தைக் கக்கக்கூடியது. எண்ணெய்ப் பசை அதைத் தூண்டிவிடும்.

2007 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஸ்கேல்டு காம்போசிட்ஸ் நிறுவனம் நைட்ரஸ் ஓட்டத்தைச் சோதித்தது. மோட்டாரைப் பற்றவைக்கவே இல்லை. ஆனாலும் டேங்க் வெடித்து மூவர் இறந்தனர். அவர்கள் அனுபவசாலிகள்.

ஆகவே மொட்டை மாடியிலும் ஆற்றுமணலிலும் தனியாக முயல வேண்டாம். கல்லூரிப் பேராசிரியர் மேற்பார்வையில், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாயு வாங்கி, காவல்துறை, மாவட்ட நிர்வாகம், விமானப் போக்குவரத்துத் துறை ஆகியோரின் அனுமதியோடு செய்யுங்கள். பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பவில்லை என்றால் யாரும் அருகே போகக்கூடாது. முதலில் தூரத்திலிருந்தே டேங்கைக் காலி செய்து, அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்த பிறகே நெருங்க வேண்டும்.