இடியனைக் கழுவாமல் படுத்த கமக்காரர்

உடுப்பிட்டி

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய பன்றிக்காவல் கதையை நேற்றுப் பின்னேரம் வாசித்தேன். கதை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர நான் வரவில்லை. அது உமக்கு வரும். வன்னிக்காடு, காவற்கொட்டில், மாரி இருட்டு எல்லாம் பரவாயில்லை. ஒரு வசனத்தில்தான் வந்து இடறிக்கொண்டேன். குழல் வாயால் மருந்து இடிக்கிற இடியன் துவக்கால் வெடி வைத்துவிட்டு விடியப்புறம் வீட்டுக்கு வருகிற கமக்காரர், "எண்ணெய்த் துணியால் துவக்கைத் துடைத்துத் தீராந்தியில் கொழுவிவிட்டுப் படுத்தார்" என்று எழுதியிருக்கிறீர்.

படுத்தாராம்! இடியன் வைத்திருந்த ஆள் அப்படிப் படுக்கமாட்டான். படுத்திருந்தால் அடுத்த மாரிக்கு அவனிடம் துவக்கென்று ஒன்று இருந்திராது.

நீர் படங்களில் பார்த்தது தோட்டாத் துவக்கு. அதன் மருந்து ஏறக்குறைய முழுதும் வாயுவாகப் போய்விடும். இடியனுக்குள் இடிக்கிற கருமருந்தின் சங்கதி வேறு. நோபிள், ஏபல் என்று இரண்டு பேர் பிரித்தானியாவில் இதை அளந்து 1875இல் எழுதிவைத்தார்கள். எரிந்த மருந்தின் நிறையில் பாதிக்கு மேல் திண்மமாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பங்கு வெண்புகையாக வெளியே போகும். மிச்சம் குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். பொற்றாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு, எல்லாம் உப்புகள். காபனேற்று காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத் தானே கசியும். போதாததற்கு, மருந்தைப் பற்றவைக்கிற பழைய கேப்புகளில் குளோரேற்று இருக்கும். வெடித்தபின் அது விட்டுப்போவது பொற்றாசியம் குளோரைட்டு, கறியுப்பின் சகோதரம். (கேப்பு முறைக்கு வழி திறந்தவர் போர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார். பழைய துவக்கின் பொறி பறப்பதைக் கண்டு பறவைகள் எழும்பிவிடுகின்றன என்ற எரிச்சலில் வேறு வழி தேடி, 1807இல் காப்புரிமை எடுத்தார். பாதிரியாருக்கும் பொழுது போகவேண்டுமே.) கார்த்திகை மழையும் வாடைக்காற்றும் அடிக்கிற நாளில் இவ்வளவு உப்பும் இரும்புக் குழலுக்குள் கிடந்தால் துருவுக்கு அழைப்பு அனுப்பத் தேவையில்லை.

இந்த உப்புகளில் ஒன்றும் எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசினால் உப்பு மூடுபடும். மூடுபட்டபடியே கீழே தன் வேலையைப் பார்க்கும். நம்மாட்களுக்கு எண்ணெயில் இருக்கிற பக்தி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தலைக்கு எண்ணெய், சுளுக்குக்கு எண்ணெய், கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய், கழுவாத துவக்குக்கும் எண்ணெய்! தண்ணி பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று சின்ன வகுப்பில் படித்ததைக் கடைசிவரை காவித் திரிகிறார்கள். படித்தவர்கள்தான் இதில் மோசம். நான் இரசாயனம் படிப்பித்த காலத்தில் ஆசிரியர் அறையிலேயே இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். கருமருந்தின் அழுக்குக்குத் தண்ணிதான் மருந்து. வெளிநாட்டில் இதற்கென்று போத்தலில் அடைத்து விற்கிறார்களே, அவற்றில் பலதும் பெரும்பங்கு தண்ணிதான்.

இரணைமடுக் குளம் 1920இல் கட்டி முடிந்தது. பிறகு கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி எடுத்தவர்களில் வடமராட்சியாரும் கனபேர். எங்கள் ஐயாவும் போனார். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின்படி லைசென்ஸ் எடுத்த இடியன் ஒன்று அவரிடம் இருந்தது. வெடி வைத்த இரவில் சோறு கேட்கமுதல் சுடுதண்ணி கேட்பார். மருந்து இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பது முதல் வேலை. கம்பியில் ஒரு கீறல் இருக்கும். வெறுங்குழல் என்றால் கீறல் வாயோடு வந்து நிற்கும். உள்ளே மருந்து கிடந்தால் மேலே நிற்கும். அதைப் பாராமல் ஒருவரையும் கிட்ட விடார். பிறகு குழலைத் துவக்கின் மரப்பிடியிலிருந்து கழற்றி, அடிப்பக்கத்தை வாளித் தண்ணிக்குள் நிறுத்தி, பழஞ்சாரத் துணி சுற்றிய கம்பியை உள்ளே விட்டு மேலும் கீழும் இழுப்பார். கேப்பு வைக்கிற நிப்பிளின் துளையால் தண்ணி ஏறும், இறங்கும். முதல் வாளி கன்னங்கரேலென்று வரும், கூழ்முட்டை நாற்றத்தோடு. சல்பைட்டு தண்ணியில் பட்டால் விடுகிற நாற்றம் அது. துணி வெள்ளையாக வரும்வரை தண்ணி மாறும். கழுவுவதற்குப் பச்சைத்தண்ணியே போதும். கடைசியில் கேத்திலால் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது காயவைப்பதற்கு. குழல் கைவைக்க ஏலாத சூட்டுக்கு வந்தால் உள்ளீரம் தானே ஆவியாகிவிடும். இத்தனைக்கும் பிறகுதான் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு.

லைசென்ஸ் அலுவலாக ஊருக்குத் துவக்கைக் கொண்டுவந்தால் அம்மாவுக்குத் தலையிடி. எங்கள் வளவுக் கிணறு சவர். சவர்த்தண்ணியால் கழுவினால் ஓர் உப்பை எடுத்துவிட்டு இன்னோர் உப்பை வைத்த மாதிரித்தான். நல்லதண்ணிக் கிணற்றுக்கு அவதான் குடத்தோடு போய்வரவேண்டும். குடிக்கிற தண்ணியைத் துவக்குக்கு ஊற்றுகிற மனிசனை ஊரில் வேறெங்கேயும் காணேலாது என்று ஏசிக்கொண்டே போவா. அந்தத் துவக்கு எண்பதுகளில் எங்களை விட்டுப் போய்விட்டது. எப்படிப் போனது என்று எழுத வெளிக்கிட்டால் இந்தக் கடிதம் முடியாது.

இன்னோர் எரிச்சல். "வெடி தீர்ந்த கணமே பன்றி சாய்வதைக் கண்டார்" என்கிறீர். எப்படிக் கண்டார்? பிரான்சில் வியெய் என்பவர் புகையில்லா மருந்தைச் செய்தது 1884இல். இடியன்காரருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. வெடி தீர்ந்தால் முன்னால் புகைதான் நிற்கும். காற்று அசையாத இரவென்றால் அது கலையும்வரை காதை நம்பி நிற்கவேண்டும். விழுந்ததா, பற்றைக்குள் ஓடினதா, தன்னை நோக்கி வருகுதா என்று ஒன்றும் தெரியாது. விழுந்தது பன்றியா, அயலவனின் பசுவா என்பதும்தான். நீர் பசு என்று பிறகு சொல்லப்போகிறீர். அந்தப் புகைக்குள் அவரைக் கொஞ்ச நேரம் நிற்க விட்டிருக்கக் கூடாதா?

உம்முடைய கதையில் காலையில் பொலிஸ் வருகிறது, துவக்கைப் பார்க்கிறது, சுட்டதா இல்லையா என்று தெரியாமல் திரும்பிப் போகிறது. பிள்ளை, கழுவாத இடியனின் வாய்க்குள் விரலை விட்டால் விரல் கறுத்துவரும். முகர்ந்தால் முடிந்தது. சரி, கழுவியிருந்தால்? விடியப்புறம் துலாச் சத்தம், அடுப்பில் தண்ணி, வாழையடியில் கறுப்புத் தண்ணி. அயலட்டை முழுக்க அறிந்துவிடும். கழுவினாலும் பிடிபடுவார், கழுவாவிட்டாலும் பிடிபடுவார். உம்முடைய கதை அந்தக் கிணற்றடியில் கிடந்தது. நீர் அதை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டீர்.

இவ்வளவு ஏசினேன், இதையும் கேளும். வெடிச்சத்தம் கேட்டதிலிருந்து புருஷனின் இருமல் கேட்கும்வரை மனிசி மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிற அந்தப் பந்தி இருக்கிறதே, இன்றைக்கு வடமராட்சியில் எழுதுகிற ஒருவருக்கும் அப்படி எழுத வராது. எனக்கும் ஒருநாளும் வந்ததில்லை. உரத்து வாசித்தேன், என் வீட்டுக்காரி சமையலை விட்டுவிட்டு வந்து கதவடியில் நின்றா. அவ கதை கேட்கிற ஆளே இல்லை. அதில் ஓர் எழுத்தைத் தொடவேண்டாம். யாராவது சுருக்கச் சொல்லுவார்கள், காது கொடாதேயும்.

திருத்தி எழுதினால் முதற்பக்கத்துக்கு ஒன்று தருகிறேன். எண்ணெய் பூசிவைத்த துவக்குக்கு மருந்து போடமுதல், ஐயா குழலைத் துடைத்து, வாயை நிலத்தில் கிடக்கிற காய்ந்த இலைக்குக் கிட்டப் பிடித்து, வெறும் கேப்பை அடிப்பார். இலை துள்ளினால் துளை திறந்திருக்கு. துள்ளாவிட்டால் நிப்பிளைக் கழற்றி ஊசியால் குத்தவேண்டும். மாரியில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று கேட்பீர். அடுப்படியில் பன்னாடையும் ஓலைத்துண்டும் இல்லாத வீடு உண்டா?

திருத்தின பிரதியைத் தபாலில் போடும். கைத்தொலைபேசியில் என்னால் வாசிக்க ஏலாது.

அன்புடன்,
உம்முடைய பழைய வாசகன்