மின்னலும் கண்ணும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. 1998-இல் அங்கே ஒரு லேசர் கருவியை அமைத்தார்கள். இரவில் அது வானத்தை நோக்கிப் பச்சை ஒளியைப் பாய்ச்சும். மேகத்தையும் காற்றில் உள்ள தூசியையும் ஆராய அது உதவியது.

அந்த ஒளி விட்டு விட்டு வரும். தொடக்கத்தில் ஒரு விநாடிக்கு 20 முறை வந்தது. ஒரு விநாடியைப் பத்துக் கோடிப் பங்காக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒளி வந்த நேரம் அதில் ஒரு பங்குகூட இல்லை! ஆனாலும் அது கண்ணுக்குத் தெரியும். எப்படி?

கண்ணின் உள்ளே விழித்திரை இருக்கிறது. ஒளி அதன்மேல் விழுகிறது. இருட்டில், விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் வரும் ஒளியை எல்லாம் அது கூட்டிக்கொள்கிறது. ஒரு செம்பு நீரைக் குடத்தில் சட்டென்று ஊற்றலாம். மெல்லவும் ஊற்றலாம். குடத்தில் சேரும் நீர் ஒன்றுதான். ஒளியும் அப்படியே. நேரம் குறைந்தாலும் அளவு போதுமானால் கண் பார்த்துவிடும்.

1942-இல் அமெரிக்காவில் ஹெக்ட் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் இதைச் சோதித்தார்கள். ஆட்களை அரை மணி நேரம் இருட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி மட்டும் மங்கிய ஒளியைக் காட்டினார்கள். ஒளி சிறு துகள்களாக வருகிறது. விழித்திரையில் 5 முதல் 14 துகள்கள் சேர்ந்தாலே போதும், கண்ணுக்குத் தெரியும் என்று கண்டார்கள்.

மின்னலும் கணநேர ஒளிதான். கண் அதைப் பார்த்துவிடும். ஆனால் பார்த்தபின் கால் அசைய, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது ஆகும். அதற்குள் மின்னல் இறங்கிவிடும். பார்த்த பிறகு தப்பி ஓட முடியாது. முன்பே ஒதுங்க வேண்டும்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டிடத்துக்குள் போங்கள். வேர்க்கடலை வயலில் நிற்காதீர்கள். மாமரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

பேசிப் பாருங்கள்:
1. மின்னலைப் பார்த்த பிறகு ஏன் தப்ப முடியாது?
2. உங்கள் வயலுக்கு அருகில் ஒதுங்கத் தகுந்த கட்டிடம் எது?