எரிமலைக்கு நாடி பார்ப்பவர்கள்

இந்தோனேசியாவில் எரிமலையை ‘குனுங் ஆப்பி’ என்கிறார்கள். குனுங் என்றால் மலை, ஆப்பி என்றால் நெருப்பு. நம்ம வார்த்தை மாதிரியே இருக்கு, இல்லையா? அந்த நாட்டில் உயிரோடு இருக்கிற நெருப்பு மலைகள் 127. சுமத்ரா, ஜாவா, பாலி என்று தீவு தீவாக வரிசை கட்டி நிற்கின்றன. காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வேகத்தில் அந்தத் தீவுகளுக்குக் கீழே நுழைகிறது. ஆழம் போகப் போகத் தட்டிலிருந்து நீர் கசிந்து, மேலே இருக்கும் சூடான பாறையோடு சேர்கிறது. பாறை உருகிக் குழம்பாகி, மேலே வர வழி தேடுகிறது.

அப்படிப்பட்ட இடத்தில் ஏன் குடியிருக்கணும் என்று கேட்கலாம். எரிமலைச் சாம்பல் விழுந்த மண் நல்ல வளம். ஜாவாவில் நெல் வயல் மலையடிவாரம் வரை போகிறது. விளைகிற மண்ணை விட்டு யார் போவார்கள்?

மலை வெடிக்கப் போகுதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்? இதுதான் நான் தேட ஆரம்பித்த கேள்வி. தேடப் போனால் அதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று மாட்டியது. தெரிந்த பிறகு, ‘கிளம்புங்க’ என்று எப்போது சொல்வது? சீக்கிரம் சொல்லி மலை சும்மா இருந்துவிட்டால் அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டாங்க. லேட்டாகச் சொன்னால் சொல்லியே பிரயோஜனம் இல்லை.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். குழம்பு மேலே வரும்போது பாறையை உடைத்துக்கொண்டு வரணும். அந்த உடைசல்தான் குட்டிக் குட்டி நிலநடுக்கம். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கே தெரியாது, சீஸ்மோகிராஃபுக்குத் தெரியும். நடுக்கம் ஆழத்திலிருந்து நாளுக்கு நாள் மேலே ஏறி வந்தால் குழம்பும் ஏறி வருகிறது என்று சந்தேகப்படலாம். இரண்டாவது, மலை வீங்கும். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி! மலைச்சரிவில் கண்ணாடி பதித்து, தூரத்துச் சாவடியிலிருந்து அதன் மேல் லேசர் அடித்துத் திரும்பி வரும் நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். தூரம் குறைந்தால் மலை நம்ம பக்கமாக உப்புகிறது. மூன்றாவது வாயு. குழம்பு மேலே வந்தால் கந்தக டை ஆக்சைடு அதிகமாகக் கக்கும். அதைச் செயற்கைக்கோள்கூடப் பார்க்கும்.

இந்த வேலை முழுவதுக்கும் பாண்டுங் நகரத்தில் ஒரு அரசு மையம் இருக்கிறது. பி.வி.எம்.பி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏறக்குறைய எழுபது மலைகளுக்குப் பக்கத்தில் சாவடி போட்டு, ராத்திரி பகலாக ஆள் வைத்திருக்கிறார்கள். கருவி சொல்வதோடு விடுவதில்லை. புகை என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று கண்ணால் பார்த்தும் எழுதுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை. அதை வைத்து மலைக்கு ஒரு நிலை கொடுப்பார்கள்: நார்மல், வாஸ்படா, சியாகா, ஆவாஸ். வாஸ்படா என்றால் விழிப்பாக இரு, சியாகா என்றால் தயாராக இரு, ஆவாஸ் என்றால் ஆபத்து. ஆவாஸ் வந்தால் ஊரைக் காலி பண்ணணும்.

இந்த வேலை தொடங்கக் காரணமே கிழக்கு ஜாவாவில் இருக்கும் கெலுட் என்ற மலைதான். அதன் வாயில் ஒரு ஏரி. 1919 மே மாதம் மலை வெடித்தபோது ஏரியில் 4 கோடி கன மீட்டர் தண்ணீர் இருந்தது. அத்தனையும் சுடுசேறாகக் கீழே பாய்ந்து 5,000க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இந்தச் சேற்று வெள்ளத்துக்கு ஜாவாக்காரர்கள் வைத்த பெயர் ‘லாஹார்’. இன்றைக்கு உலகம் பூராவும் விஞ்ஞானிகள் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அப்போது ஆண்ட டச்சுக்காரர்கள் 1920இல் எரிமலைகளைக் கவனிக்க ஒரு துறை தொடங்கினார்கள். மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு ஏரித் தண்ணீரையும் வடித்தார்கள். 1951 வெடிப்பில் சாவு மிகக் குறைவு. ஆனால் அந்த வெடிப்பு ஏரியை ஆழமாக்கிச் சுரங்கத்தையும் கெடுத்துவிட்டது. தண்ணீர் மறுபடி சேர்ந்தது. 1966இல் மலை வெடித்தபோது 200 பேருக்கு மேல் போனார்கள். அப்புறம் புதுச் சுரங்கம் தோண்டினார்கள்.

கெலுட் கதையில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 2007 அக்டோபரில் ஏரித் தண்ணீர் சூடாகி, நிறம் மாறி, நடுக்கமும் கூடியது. 16ஆம் தேதி ஆவாஸ்! வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். நிறையப் பேர் மாட்டேன் என்றார்கள். மலையோ வெடிக்கவே இல்லை. நவம்பரில் ஏரிக்கு நடுவிலிருந்து கறுப்பாக ஒரு கல்மேடு மெதுவாக எழும்பி, ஏரியையே கிட்டத்தட்ட மூடிவிட்டது. குழம்பு வந்தது உண்மை, வந்த விதம்தான் வேற. பயந்து ஓடியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ‘சும்மா கலாட்டா பண்ணிட்டாங்க’ என்றுதானே தோன்றும்?

2014 பிப்ரவரியில் மறுபடி நடுக்கம். 2ஆம் தேதி வாஸ்படா, 10ஆம் தேதி சியாகா. 13ஆம் தேதி இரவு 9.15க்கு ஆவாஸ். சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் லாரியிலும் பைக்கிலும் ஏறிக் கிளம்பினார்கள். 10.50க்கு வெடித்தது. அந்தக் கல்மேடு தூள் தூளாகப் போனது. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் யோக்யகர்த்தாவில் காலையில் எழுந்து பார்த்தால் தெருவெல்லாம் சாம்பல். அவ்வளவு பெரிய வெடிப்பில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. கிடைத்த நேரம் 95 நிமிஷம். நம்ம பள்ளிக்கூடத்தில் இரண்டு பீரியடு கொஞ்சம் நீண்ட மாதிரி!

மெராப்பி மலையின் கதை வேறு. இது யோக்யகர்த்தாவுக்கு வடக்கே இருக்கிறது. அடிக்கடி சின்னதாக வெடிப்பது அதன் பழக்கம். மலைக்குக் காவலராகச் சுல்தான் நியமித்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார், பெயர் மரிஜான். பெரியவர்களை அங்கே ‘ம்பா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நாம் தாத்தா என்கிற மாதிரி. 2006இல் எல்லாரையும் போகச் சொன்னபோது ம்பா மரிஜான் போகவில்லை. நாடு பூராவும் பிரபலமாகிவிட்டார். அப்போது கண்காணிப்பு மையத்தில் இருந்த விஞ்ஞானி சுரோனோ. அவரையும் ஜனங்க ‘ம்பா ரோனோ’ என்றுதான் கூப்பிட்டார்கள்!

2010 அக்டோபரில் லேசர் தூரம் ஒரே நாளில் அரை மீட்டர் வரை குறைந்தது. மலைக்கு அது பேய் வேகம். 25ஆம் தேதி ஆவாஸ் சொன்னார்கள். 26ஆம் தேதி சாயங்காலம் வெடித்தது. இந்தத் தடவையும் நகராத ம்பா மரிஜான் தன் கிராமத்திலேயே இறந்தார், வயது 83. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் பொறுப்பு அங்கேயே இருப்பது என்று அவர் நினைத்தார். ஆனால் அவரைப் பார்த்துத் தங்கியவர்களும் செத்தார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கு. சுரோனோ குழு அதோடு நிற்கவில்லை. வாயு அளவும் நடுக்கமும் பழைய கணக்கை எல்லாம் தாண்டியதைப் பார்த்து ஆபத்து வட்டத்தைப் பத்திலிருந்து பதினைந்தாகவும், பிறகு இருபது கிலோமீட்டராகவும் கூட்டினார்கள். நவம்பர் 5 நள்ளிரவு தாண்டிப் பெரிய வெடிப்பு. நெருப்பு மேகம் ஆற்றுப் பள்ளம் வழியாகப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பழைய வட்டம் என்றால் என்ன ஆகியிருக்கும்? மொத்தம் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். தப்பித்தவர்கள் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர் இருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்கிறார்கள். முகாமுக்கு வந்தவர்களில் பலர் மாட்டுக்குத் தீனி போடத் திருட்டுத்தனமாக ஊருக்குப் போய் வந்தார்கள். கடைசியில் அரசாங்கமே மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. இதுவும் எரிமலைக் கண்காணிப்பில் ஒரு பாகம்தான் என்பேன். மாடு வராமல் ஆள் வர மாட்டார்.

பாலியில் ஆகுங் மலைக்கு 2017 செப்டம்பர் 22இல் ஆவாஸ் கொடுத்து ஒன்றரை லட்சம் பேர் அளவுக்கு வெளியேறினார்கள். மலை இரண்டு மாதம் காக்க வைத்து, நிலையைக் குறைத்த பிறகு நவம்பர் 21இல்தான் வெடித்தது!

கண்காணித்தும் தப்பியது உண்டு. அனாக் கிரகதாவ், அதாவது கிரகதாவின் பிள்ளை. 1883இல் வெடித்து 36,000 பேரைக் கொன்ற கிரகதாவ் இருந்த இடத்தில் 1927இல் கடலுக்குள்ளிருந்து முளைத்த மலை. 2018இல் மாதக்கணக்கில் வெடித்துக்கொண்டிருந்தது, நிலை வாஸ்படா. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் போதும் என்றார்கள். டிசம்பர் 22 இரவு மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து கடலில் விழுந்தது. சுனாமி என்றால் நமக்கு 2004 ஞாபகம் வரும். அது பூகம்பத்தால் வந்தது. அங்கே இருந்த எச்சரிக்கை ஏற்பாடும் பூகம்பத்துக்காகச் செய்ததுதான். பெரிய பூகம்பமே வராததால் மணி அடிக்கவில்லை. 430 பேருக்கு மேல் இறந்தார்கள். 338 மீட்டர் உயரமிருந்த மலை 110 மீட்டராகிவிட்டது.

இன்னொன்று சுமத்ராவின் மராப்பி. ஜாவாவின் மெராப்பியோடு குழப்பிக்கொள்ளாதீங்க, நானே இரண்டு தடவை வரைபடம் பார்த்தேன். 2011இலிருந்து அதற்கு வாஸ்படா நிலை. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று கண்காணிப்பு மையம் எழுதிக்கொண்டே இருந்தது. மலையேறும் பாதை மட்டும் திறந்திருந்தது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, மலை வெடித்தபோது 75 பேர் மேலே இருந்தார்கள். 24 பேர் திரும்பவில்லை.