சேகோ தண்ணியில் ஒரு பச்சைப் பயிர்



ஆத்தூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது புளிச்ச நாத்தம் அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு "சேகோ ஃபேக்டரி வந்துடுச்சு" என்போமே, அந்த நாத்தத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பா பதினேழு வருஷமாக ஒரு ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறார். என் டிப்ளமோ ஃபீஸ் அந்தக் கூலியில்தான். கழிவுத்தண்ணி தேங்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் எங்க கிணறு. இப்போது அதில் துணிகூட அலச முடியாது. அதற்காக ஆலையை மூடு என்று என்னால் சொல்ல முடியுமா? தண்ணியை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன்.

மரவள்ளியை (எங்க ஊரில் குச்சிக்கிழங்கு) தோலுரித்து, அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளிய விடுவார்கள். மாவு அடியில் தங்கும். சக்கையான திப்பி மாட்டுத் தீவனத்துக்கு விலைபோகும். மேலே நிற்கும் தண்ணியைத்தான் கேட்க ஆளில்லை. சீக்கிரமே புளித்து அதன் பி.ஹெச். 4, 5-க்கு இறங்கிவிடும். பி.ஓ.டி. லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கான விதியோ 30. போதாததற்குக் கிழங்கிலிருந்து வரும் சயனைடு வேறு.

ஆனால் அந்த மாவும் சர்க்கரையும் ஒருவகையில் சாப்பாடுதானே? குளோரெல்லா என்ற நுண்பாசி வெயிலில் தானே உணவு தயாரிக்கும். இருட்டில் குளுக்கோஸ் கொடுத்தாலும் தின்று வளரும். ஒரு கிலோ பாசி வளர சுமார் 1.8 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு வேண்டும். கழிவில் உள்ள பாக்டீரியா மாவை உடைத்து அந்த வாயுவைக் கொடுக்கும். பாசி பதிலுக்கு ஆக்சிஜன் கொடுக்கும். 1950-களிலேயே கலிஃபோர்னியாவில் ஆஸ்வால்ட் என்ற பேராசிரியர் இந்தக் கூட்டணியை வைத்து, ஆழமில்லாத குட்டைகளில் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து காட்டினார்.

நானும் பிராஜெக்டுக்கு இறங்கினேன். முதல் பாட்டிலில் ஆலைத்தண்ணியை அப்படியே ஊற்றிப் பாசியை விட்டேன். மூன்றாம் நாள் வெளுத்துப்போச்சு. லேபில் யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை! அமிலம், சயனைடு, வெளிச்சமே புகாத கலங்கல் மூன்றும் சேர்ந்து பாசியைக் கொன்றுவிட்டன. இரண்டாம் முறை, தண்ணி புளிப்பாக இருக்கும்போதே திறந்தவெளியில் இரண்டு நாள் காத்தாட வைத்தேன்; சயனைடில் ஒரு பகுதி வாயுவாகப் போகும். பிறகு சுண்ணாம்பு போட்டு பி.ஹெச். 7-க்குக் கொண்டுவந்து, மூன்று பங்கு நல்ல தண்ணி கலந்தேன். மாவில் நைட்ரஜன் கிடையாது, அதனால் கொஞ்சம் யூரியா, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட். எட்டாம் நாள் பச்சை! கத்தியே விட்டேன்.

சந்தோஷம் அரைமணி நேரம்தான். துணியில் வடிகட்டினால் பச்சைத்தண்ணி பச்சையாகவே இறங்கியது. குளோரெல்லா வெறும் 2 முதல் 10 மைக்ரான். துணி எப்படிப் பிடிக்கும்? ஸ்பைருலினா சுருள் இழை மாதிரி இருப்பதால் துணியிலேயே நிற்கும். ஆனால் அது பி.ஹெச். 9, 10 கேட்கும். புத்தகக் கணக்குப்படி லிட்டருக்கு 16.8 கிராம் சோடா உப்பு வேண்டும். கழிவில் வளர்வதைப் பிடிக்க முடியவில்லை, பிடிக்க முடிந்தது கழிவில் வளர மறுக்கிறது. புத்தகங்கள் வளர்ப்பதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அறுவடையை நாலு வரியில் முடித்துவிடுகின்றன, எனக்கு அதில் கோபம்தான்.

திறந்த குட்டையில் லிட்டருக்கு அரை கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அரை கிலோ பொடிக்கு ஆயிரம் லிட்டர் வடிக்க வேண்டும். குளோரெல்லாவில் புரதம், லூட்டின். ஸ்பைருலினாவில் ஃபைக்கோசயனின் என்ற நீலச்சாயம். எல்லாம் விலையுள்ள பொருள்தான். ஆனால் ஆலைத்தண்ணியில் வளர்ந்ததை மனுஷனுக்கு மாத்திரையாக விற்கக்கூடாது என்பது என் கருத்து. உரம் அல்லது மீன் தீவனம் சரி. வெள்ளிக்கெண்டை மீன் தண்ணியிலுள்ள நுண்பாசியைத் தானே வடிகட்டித் தின்னும். அறுவடைச் செலவு மிச்சம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்த மீனை நீ திம்பியா?" என்றார். பதில் வரவில்லை. பிக்ரேட் காகிதம் மஞ்சளிலிருந்து செங்கல் நிறமானால் சயனைடு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த செமஸ்டரில் முதல் வேலை அந்த டெஸ்ட்தான். தாய்ப்பாசி லேப் ஜன்னலோரம் இருக்கிறது. ஜூனியர்கள் யாராவது வேண்டுமென்றால் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளலாம், மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள்.

– இரண்டாம் ஆண்டு, கெமிக்கல் இன்ஜினியரிங்