இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதேன்?

மாரடைப்பு என்னும் சொல்லை இன்று கிராமங்களில் அறியாதார் இல்லை. ஆயினும், இருதய நோய் என்றாலே மாரடைப்பு ஒன்றுதான் எனப் பலரும் எண்ணிவிடுகின்றனர். அதனால் வேறு வகைக் கோளாறுகள் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகின்றன. நடந்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழும் முதியவரைக் காக்காய் வலிப்பு என்கிறார்கள். நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் மருமகளைப் பயந்த சுபாவம் என்கிறார்கள். வயலில் நின்றபடியே ஒரு கை விழுந்துபோனவருக்குக் காற்று அடித்துவிட்டது என்கிறார்கள். இம்மூன்றுக்கும் சில வேளைகளில் வேர் ஒன்றே. அது இருதயத்தின் தாளம் கெடுவதாகும்.

பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிக்கு இதனை விளக்குவது எளிது. தண்ணீர் சரிவர ஏறாவிட்டால் அவர் வால்வைப் பார்ப்பார், குழாயைப் பார்ப்பார், மின்சாரம் ஒழுங்காக வருகிறதா என்றும் பார்ப்பார். இருதயமும் ஒரு பம்பே. மூடிய கை அளவேயுள்ள அத்தசை நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்கு நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உண்டு. அதன் தசைக்கே இரத்தம் ஊட்டும் குழாய்கள் அடைபடுவதே மாரடைப்பு. வால்வு சுருங்குவதும் கசிவதும் வேறு நோய். அறைகளைச் சுருங்கச் செய்யும் மின்னோட்டம் பிறழ்வது மூன்றாவது. பம்புசெட்டுக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது. இருதயமோ தனக்கு வேண்டிய மின்துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உவமை அந்த ஓரிடத்தில் பொருந்தாது.

அம்மின்துடிப்பு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்த வரலாறு கிராமத்தாருக்கு உவப்பளிக்கும். 1906ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் ஆர்தர் கீத் என்னும் உடற்கூற்று அறிஞர் தங்கியிருந்தார். அவருக்கு உதவியாக இருந்த மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவர், வயலில் வளை தோண்டும் அகழெலியொன்றின் இருதயத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வலது மேலறையின் உச்சியில் அதுவரை எவரும் குறித்திராத ஒரு சிறு தசைத்திரளை அவர் கண்டார். மனிதர் இருதயத்திலும் அது இருப்பது தெளிவாயிற்று. 1907இல் இருவரும் அதனை வெளியிட்டனர். துடிப்பு பிறப்பது அங்கேதான். அங்கிருந்து அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள வேறொரு முடிச்சில் சற்றே தயங்கி, பின்னர் கீழறைகளுக்கு இறங்குகிறது. அத்தயக்கம் வீணன்று. மேலறை தன் இரத்தத்தைக் கீழறைக்குள் நிரப்பி முடிக்கும் வரை கீழறை காத்திருக்க வேண்டுமல்லவா?

அமைதியாக அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருக்கும். கடின உழைப்பாளிகளுக்கு 50ஐ ஒட்டியும் இருக்கலாம். தொல்லை எதுவும் இல்லையானால் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. நாடி பார்க்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் உட்புறத்தில் மூன்று விரல்களை மெல்ல வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணவேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவோர் உண்டு. ஒழுங்கற்ற நாடியில் அது பிழையாகும். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவதே முறை.

எண்ணிக்கை மிகக் குறைந்து, தலைசுற்றலோ மயக்கமோ கூடினால், மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் பாதை தடைபட்டிருக்கலாம். முதுமையில் இது மிகுதி. பூச்சிமருந்து உடலில் ஏறினாலும் நாடி அபாயகரமாகக் குறையும். முகமூடியும் கையுறையும் இன்றித் தெளிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். இதற்கு மாறாக, திடீரென்று 150க்கும் மேலாகப் பாய்ந்து, திடீரென்றே நின்றுபோகும் படபடப்பும் உண்டு. இளவயதினருக்கும் அது வரும். பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்யாது. மருந்தாலோ, குழாய்வழிச் சிகிச்சையாலோ அதனைத் தீர்க்க இயலும்.

கூட்டியோ குறைத்தோ இல்லாமல், எந்தத் தாளத்திலும் அடங்காத நாடி மூன்றாம் வகை. நாம் விரிவாகப் பேச விரும்புவது இதனைப் பற்றியே. இந்நோயில் மேலறைகள் சுருங்குவதில்லை; வெறுமனே நடுங்குகின்றன. கீழறைகளோ கிடைத்தபோதெல்லாம் துடிக்கின்றன. சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டுவதுமில்லை. ஆகையால் நெஞ்சில் எண்ணினால் 120ம், கையில் எண்ணினால் 95ம் வரக்கூடும். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைகிறது. உறைந்த துணுக்கொன்று பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோயுடையோர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றையோரைக் காட்டிலும் சுமார் ஐந்து மடங்கு. வால்வு சுருங்கியிருப்பின் அதனினும் மிகுதி.

இது இரத்தக் கொதிப்பாலும், தைராய்டு மிகையாலும், குடியாலும், முதுமையாலும் வரும். ஆனால் நம் கிராமங்களில் முப்பது வயதுப் பெண்ணுக்கு இது வந்திருக்கக் கண்டால், காரணத்தை அவர் பள்ளிப் பருவத்தில் தேடவேண்டும். 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும் தொண்டைப்புண்ணில் ஒருவகை, ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வருவது. அதற்கு உரிய மருந்து கொடாவிடில், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றும். முழங்காலில் இருந்த வீக்கம் கணுக்காலுக்கும், பின் மணிக்கட்டிற்கும் தாவும். வளர்கிற வலி என்று எண்ணெய் தடவிவிடுவர். வலியும் தானே போய்விடும். ஆனால் அதே வேளையில் அக்காய்ச்சல் இருதய வால்வைத் தாக்கியிருக்கலாம். மூட்டு ஆறிவிடும், வால்வு ஆறுவதில்லை. ஒவ்வொரு முறை அக்காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு மேலும் தடித்துச் சுருங்குகிறது. திருமணமாகிக் கருவுற்றபின் மூச்சிரைக்கும்போதுதான் பலருக்கு உண்மை தெரிகிறது.

இதனைத் தடுக்கும் மருந்து விலையுயர்ந்ததன்று, புதியதுமன்று. 21 நாட்களுக்கு ஒரு முறை பெஞ்சதீன் பென்சிலின் ஊசி, அவ்வளவே. எடைக்கு ஏற்ப 6 லட்சம் அல்லது 12 லட்சம் யூனிட் அளவில், மருத்துவர் முன்னிலையில் போடப்படும். குறைந்தது 21 வயது வரையிலும், வால்வு கெட்டிருப்பின் 40 வயது வரையிலுங்கூட அதனைத் தொடரவேண்டியிருக்கும். இடர்ப்பாடு எங்கே என்றால், அந்த 21ஆம் நாளில் குழந்தைக்கு ஒரு நோவும் இராது. ஓடுகிறது, விளையாடுகிறது, ஊசியோ இரண்டு நாள் வலிக்கும். நாம் முன்பு பணியாற்றிய ஒன்றியமொன்றில் பதினொரு வயதுச் சிறுமிக்கு இவ்வூசி ஓராண்டு ஒழுங்காகப் போடப்பட்டது. நடவுக் காலம் வந்தது, கூட்டிச்செல்ல ஆளில்லை. ஒரு தவணை தவறியது. பிறகு எல்லாமே தவறின. பதினாறு வயதில் வால்வுச் சிகிச்சைக்காகப் பெருநகர ஆஸ்பத்திரியில் அவள் ஒன்றரை மாதம் கிடக்க நேர்ந்தது. பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்லர். நினைவூட்ட ஊரில் எவரும் இல்லை. அவ்வளவுதான்.

நோயறியும் முறைகளுள் முதன்மையானது ஈ.சி.ஜி. ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் வில்லெம் எய்ந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைச் செம்மைப்படுத்தி, 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இது உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவது என்று அஞ்சுவோர் இன்னும் உள்ளனர். உண்மை நேர்மாறானது, உடலிலிருந்து வரும் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டுவது மட்டுமே அதன் வேலை. ஒரு செய்தியை மட்டும் அழுத்திக் கூறவேண்டும். தாளக் கோளாறு வந்து வந்து போகும் இயல்புடையது. நேற்றிரவு படபடத்தது, இன்று காலை எடுத்த ஈ.சி.ஜி. சரியாக உள்ளது என்றால், நோய் இல்லை என்பது அதற்குப் பொருளன்று. படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் எடுத்துவிட வேண்டும். எடுத்த தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். பல மாதங்கள் கழித்துப் பார்க்கும் வல்லுநருக்கு அந்த ஒரு தாள் நோயாளியின் நீண்ட விவரணையினும் பயன்படும். தேவையானால் 24 மணி நேரம் உடலோடு கட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றும் உண்டு. வால்வைக் காண்பதற்கு எக்கோ பரிசோதனை.

சிகிச்சையில், இரத்தம் உறையாதிருக்க அளிக்கும் வார்ஃபரின் மாத்திரையின் கதை மாட்டுக் கொட்டிலில் தொடங்குவது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள், கொம்பு சீவினாலே இரத்தம் நில்லாமல் இறந்தன. 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும், ஒரு பாற்கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்ட தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். கார்ல் லிங்க் என்னும் வேதியியல் அறிஞரின் குழு அதனை ஆராய்ந்து, ஆறாண்டுகளுக்குப் பின் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதர்க்கும் மருந்தாயிற்று. எலி மருந்தா என்று முகம் சுளிக்க வேண்டாம். வால்வு சுருங்கித் தாளம் கெட்டவர்களுக்குப் புதிய மாத்திரை ஒன்றைக் காட்டிலும் வார்ஃபரினே மேல் என்பது, பல நாடுகளில் நிகழ்த்தி 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றின் முடிவாகும்.

ஆனால் இம்மாத்திரை கவனத்தை வேண்டுவது. குறிப்பிட்ட காலந்தோறும் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். பெரும்பாலோர்க்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்பது நலம். முருங்கைக்கீரை போன்ற கீரைகள் இம்மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விலக்க வேண்டா. ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் அறவே இல்லை என்றிராமல் அளவோடு ஒரே சீராக உண்ணவேண்டும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும், மருத்துவர் அறியாமல் உண்ணும் வேறு மருந்துகளும் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். கருவுற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யும்.

துடிப்பு குறைந்தவர்க்குப் பேஸ்மேக்கர் என்னும் சிறு கருவியைத் தோளெலும்பின் கீழே தோலுக்கடியில் பதிக்கிறார்கள். முதன்முதலில் 1958 அக்டோபர் 8ஆம் நாள் சுவீடன் தலைநகரில் இது பொருத்தப்பட்டது. அக்கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆயினும் அந்நோயாளி அடுத்தடுத்துப் பல கருவிகள் மாற்றப்பெற்று, 2001ஆம் ஆண்டு வரை, 86 வயது வாழ்ந்தார். இன்றைய கருவியின் பேட்டரி ஏறத்தாழப் பத்தாண்டு உழைக்கும். பொருத்திக்கொண்டவர் வயல்வேலை செய்யலாம், மோட்டாரை இயக்கலாம்; வெல்டிங் வேலை மட்டும் மருத்துவரைக் கேளாமல் கூடாது.

இனி, தாளம் முற்றிலும் குலைந்து கீழறைகளே நடுங்கத் தொடங்கும் நிலை. மாரடைப்பின் முதல் மணி நேரங்களிலும், பம்புசெட் மின்தாக்குதலிலும் இது நேர்கிறது. முதலில் மெயின் ஸ்விட்சை நிறுத்தவேண்டும்; அதற்கு முன் விழுந்தவரைத் தொடலாகாது. கூப்பிட்டால் விழிக்கவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை எனில், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தி அழுத்தி விடவேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தலாகாது. மண்ணில் புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்பது உயிரைப் போக்கும் மூடநம்பிக்கை. நெஞ்சு வலிக்குச் சோடா குடித்துக் காத்திருப்பதும் அத்தகையதே. மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைத்திருக்கத் தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. ஆனால் அவர்கள்தாம் செய்ய இயலும். நெஞ்சழுத்தும் பயிற்சியை அளிக்குமாறு கிராம சபையில் தீர்மானித்து வட்டார மருத்துவ அலுவலருக்கு எழுதலாம். வார்டில் பென்சிலின் ஊசி போடவேண்டிய குழந்தைகள் எவரெவர் எனக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறியலாம். பெற்றோர் இசைவுடன், 21ஆம் நாளுக்கு முன்தினம் அவ்வீட்டுக்கு ஒரு நடை சென்று சொல்லிவரலாம். அறுவடையோ நடவோ ஆனால், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச்செல்ல ஓர் உறவினரையோ மகளிர் குழு உறுப்பினரையோ ஏற்பாடு செய்யலாம். வெளியூர் விடுதியில் சேரும் பிள்ளையின் கையில் ஊசி அட்டையின் நகலொன்றைக் கொடுத்தனுப்பினால், அவ்வூர் அரசு ஆஸ்பத்திரியில் அதனைக் காட்டி அடுத்த தவணையைக் கேட்டுப் பெறலாம்.